ஒரே கேமரா, இரண்டு பிரேக்: ஹோண்டா சிட்டி பெட்ரோலும் ஹைபிரிட்டும்

ஹோண்டா சிட்டியின் விலைப்பட்டியலில் பெட்ரோலுக்கும் ஹைபிரிட்டுக்கும் நேரே "ஹோண்டா சென்சிங்" என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஷோரூமில் கேட்டால் "ரெண்டுலயும் அடாஸ் வந்துடும் சார்" என்பார்கள். அடாஸ் என்றால் ஓட்டுபவருக்கு உதவியாகத் தானே பிரேக் பிடிப்பது, ஸ்டீயரிங் திருப்புவது போன்ற வசதிகள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. முன்கண்ணாடியின் உள்பக்கம், பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் கேமரா இரண்டிலும் அதே வகைதான். ஆனால் அந்தக் கேமரா "வேகத்தைக் குறை" என்று சொன்னதும் ஓடிவந்து வேலை செய்கிற பிரேக் இரண்டு வண்டியிலும் வேறு வேறு. 2023 மார்ச்சில் புதுப்பித்து வந்தபோது ZX என்ற உச்ச வகையில் சி.வி.டி. என்ற தானியங்கி கியர் கொண்ட பெட்ரோலின் ஷோரூம் விலை 15.97 லட்சம், ஹைபிரிட் 20.39 லட்சம். அன்று ஏறக்குறைய நாலரை லட்சமாக இருந்த இந்த வித்தியாசத்தை எல்லோரும் மைலேஜை வைத்தே கணக்குப் போடுகிறார்கள்: லிட்டருக்கு 18.4 கி.மீ., 27.13 கி.மீ. என்று. பிரேக்கை வைத்து யாரும் போடுவதில்லை. இந்த மதிப்புரை அந்தக் கணக்குதான்.

முதலில் என்னென்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாக. மோதப்போகிறது என்று தெரிந்தால் தானே பிரேக் போடுவது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே முன்வண்டியின் வேகத்துக்கேற்ப ஓடும் குரூஸ், கோட்டுக்கு நடுவே பிடித்துவைப்பது, சாலையை விட்டு இறங்கப்போனால் ஸ்டீயரிங்கைத் திருப்பி உள்ளே இழுப்பது, ஹைபீமைத் தானாக ஏற்றி இறக்குவது. இத்தனைக்கும் ஒரே ஒரு கேமராதான் கண். முன்னால் ரேடார் கிடையாது, பின்னாலும் கிடையாது. இடது இண்டிகேட்டர் போட்டால் பக்கக் கண்ணாடியின் அடியிலுள்ள கேமரா காட்டும் படம் திரையில் வரும், அவ்வளவுதான். அது எச்சரிக்காது, பார்க்க வேண்டியது நீங்கள். அதே 2023 மார்ச்சில் வந்த ஹூண்டாய் வெர்னா முன்னும் பின்னும் ரேடார் வைத்துக்கொண்டு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கேமரா பிரேக்கை அழுத்துவதில்லை. கேமராவோடு சேர்ந்த கணினி, "இந்த அளவுக்கு வேகம் குறைய வேண்டும்" என்று ஒரு எண்ணை வண்டியின் உள்வலை வழியே அனுப்புகிறது, அவ்வளவே. அந்த எண்ணைச் சக்கரத்தில் அழுத்தமாக மாற்றுவது பிரேக் அமைப்பின் பொறுப்பு. ஸ்டீயரிங்கும் அப்படித்தான்: "இவ்வளவு முறுக்கு கொடு" என்ற வேண்டுகோள் போகும், எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் மோட்டார் கொடுக்கும். ஆக அடாஸ் என்பது கேட்பவன், கொடுப்பவன் சேசிஸ், அதாவது பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்த அடிப்பாகம். கொடுப்பவனிடம் என்ன இருக்கிறதோ அதற்கு மேல் கேட்பவனுக்குக் கிடைக்காது.

இதற்கு வெளியிலிருந்து ஒரு நல்ல உதாரணம் டாடா ஹாரியர். 2023 தொடக்கத்தில் அதில் அடாஸ் வந்தபோது ஸ்டீயரிங் இன்னும் ஹைட்ராலிக். கேமரா கோட்டைப் பார்த்தது, கோடு தாண்டினால் சத்தம் போட்டது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்ப வழியில்லை, ஏனென்றால் ஹைட்ராலிக் பம்புக்கு கேமராவின் பேச்சு புரியாது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த புதிய ஹாரியரில் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் ஏறிய பிறகே கோட்டுக்குள் பிடித்துவைக்கும் வேலைக்குக் கதவு திறந்தது.

சிட்டியில் ஸ்டீயரிங் இரண்டிலும் எலெக்ட்ரிக்தான், அங்கே பிரச்சினை இல்லை. பிரச்சினை பிரேக்கில். பெட்ரோல் சிட்டி பழைய வழி: காலின் மிதியைக் காற்றழுத்த வித்தியாசத்தால் பலப்படுத்தும் வேக்குவம் பூஸ்டர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக். உங்கள் கால் மிதிக்காமல் இதில் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வி.எஸ்.ஏ. என்று ஹோண்டா அழைக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் இருக்கிற அந்த ஹைட்ராலிக் பெட்டி. அதற்குள் ஒரு சின்ன மோட்டார், ஒரு பிஸ்டன் பம்ப், கொஞ்சம் வால்வுகள். வண்டி சறுக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்குவதற்காக வைத்த பம்ப் அது. குரூஸுக்காகவும் அதையே கூப்பிடுகிறார்கள். அடுத்த முறை குரூஸில் போகும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்: முன்வண்டி வேகம் குறைத்தால் எஞ்சின் பக்கமிருந்து மெலிதாக ஒரு "கர்ர்" வரும். கோளாறு இல்லை, அந்தப் பம்ப் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற சத்தம்.

பம்பால் அழுத்தம் ஏற்ற முடியும். ஏற்றிய அழுத்தத்தை நிமிடக் கணக்கில் பிடித்துவைத்திருப்பதுதான் கஷ்டம். பிடித்துவைக்க வால்வுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், காயில் சூடாகும். அதனால்தான் நின்ற வண்டியை நம்பி ஒப்படைக்க மின்சார பார்க்கிங் பிரேக் போல ஒரு இயந்திரப் பூட்டு வேண்டும். பெட்ரோல் சிட்டியில் இருப்பது கைப்பிடி. கணினியால் அதை இழுக்க முடியாது. எனவே பெட்ரோலில் குரூஸ் மணிக்கு 30 கி.மீ.க்குக் கீழே வேலை செய்யாது. முன்வண்டி நிற்கப்போகிறது, நீங்களும் 45, 40, 35 என்று பின்னால் குறைந்து வருகிறீர்கள், அழகாகப் பிரேக் பிடிக்கிறது. 30-ஐத் தொட்டதும் ஒரு பீப், திரையில் ஒரு வரி, குரூஸ் விட்டுவிடும். அதுவரை பிடித்துக்கொண்டிருந்த பிரேக் தளர்வதைக் கால் உணராது, இடுப்பு உணரும். சி.வி.டி. கியர் என்பதால் வண்டி நிற்காமல் ஊர்ந்து முன்னேறும். டோல்கேட்டுக்கு முந்தைய வேகத்தடை, முன்னால் லாரி: இந்த இடத்தில்தான் பழகாதவர் திடுக்கிடுவார். பெட்ரோல் வாங்குபவர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டியது இது. முன்வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததும் கால் பிரேக் மிதிக்கு மேல் வந்துவிட வேண்டும், பீப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

மேனுவல் கியர் பெட்ரோலிலும் சென்சிங் உண்டு. கியர் மாற்றுவது உங்கள் வேலை. கிளச்சை மிதித்தபடியே இருந்தாலோ, உயர்ந்த கியரில் எஞ்சின் திணறும் அளவுக்கு வேகம் இறங்கினாலோ குரூஸ் கைவிட்டுவிடும். நாலாவது கியரில் லாரி பின்னால் ஓடுவதற்கு இது அவ்வளவு சுகமான பொருள் இல்லை.

ஹைபிரிட்டின் கதை வேறு. நான்கு சக்கரத்திலும் டிஸ்க், மின்சார பார்க்கிங் பிரேக், நின்றால் பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்ட். அதற்கும் மேலே, ஹோண்டா எலெக்ட்ரிக் சர்வோ என்கிற பிரேக். இதில் உங்கள் கால் மிதிப்பது நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிதிக்குக் கீழே ஒரு சிமுலேட்டர் இருந்து காலுக்கு வேண்டிய எதிர்ப்பைக் கொடுக்கும். எவ்வளவு மிதித்தீர்கள் என்று அளந்து, ஒரு மோட்டார் தனி சிலிண்டரைத் தள்ளி அழுத்தத்தை உண்டாக்கும். அதற்கும் முன்பாக, டிரைவ் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைத்து பேட்டரியில் சேர்க்கும். எவ்வளவு மோட்டார், எவ்வளவு பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் பிரேக் கட்டை) என்று பங்கு பிரிப்பது கணினி. மின்சாரம் போய்விட்டால் வால்வு திறந்து காலின் அழுத்தம் நேராகச் சக்கரத்துக்குப் போகும். மிதி கல்லாக இருக்கும், ஆனால் வண்டி நிற்கும்.

உங்கள் காலுக்கும் பேடுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு கணினி உட்கார்ந்திருப்பதால், கால் கேட்டாலும் கேமரா கேட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் ஹைபிரிட்டின் குரூஸ் பிரேக் பிடிப்பது நல்ல டிரைவர் பிடிப்பது போல இருக்கும்: சத்தமில்லை, முதலில் மோட்டார் இழுப்பது போல ஒரு தளர்வு, பிறகே பேட். பெட்ரோலில் பம்ப் படிப்படியாக ஏற்றுவது தெரியும். முன்வண்டி மெல்லக் குறைத்தால் வித்தியாசம் குறைவு. குறுக்கே ஒருவர் புகுந்தால் நிறைய. மணிக்கு 80-இல் போகும்போது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் 2.2 மீட்டர் கடந்துவிடுகிறது.

ஹைபிரிட்டில் குரூஸ் முழுதாக நிற்கும் வரை தொடரும். முன்வண்டி நகர்ந்தால் தகவல் வரும். ரெஸ்யூம் பொத்தானையோ ஆக்சிலரேட்டரையோ தொட்டால் மறுபடி கிளம்பும். நின்றிருக்கும்போது டிரைவர் சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தாலோ குரூஸ் விலகி, பார்க்கிங் பிரேக் தானே ஏறிக்கொள்ளும். சேசிஸும் அடாஸும் ஒத்துப்போவது என்றால் எப்படி என்று காட்ட இந்த ஒரு கைமாற்றமே போதும்: கேமரா நிறுத்தச் சொல்கிறது, சர்வோ நிறுத்துகிறது, ஆள் இறங்கப்போகிறான் என்று பெல்ட் சொல்கிறது, பார்க்கிங் பிரேக் வாங்கிக்கொள்கிறது.

இதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு, பழைய வண்டி வாங்குபவர்களுக்கு. 2022 மே மாதம் இந்தியாவில் வந்த முதல் ஹைபிரிட் சிட்டியில் இந்த பார்க்கிங் பிரேக், சர்வோ எல்லாமே இருந்தன; நிற்கும் வரை தொடரும் வசதி மட்டும் இல்லை. 2023 மார்ச்சில்தான் அதைச் சேர்த்தார்கள். ஆக கால் இருந்தும் நடக்கச் சொல்ல ஆளில்லாத வண்டி அது. விளம்பரத்தில் "சிட்டி ஹைபிரிட், அடாஸ்" என்று பார்த்து விலை பேசுவதற்கு முன் எந்த மாதத் தயாரிப்பு என்று கேளுங்கள்.

நீண்ட இறக்கத்தில் இரண்டும் இன்னொரு விதமாகப் பிரிகின்றன. பெங்களூரு பக்கமிருந்து சேலம் வருபவர்களுக்கு தொப்பூர் கணவாய் தெரிந்த இடம். பிரேக் சூடேறிய லாரிகள் எத்தனை கவிழ்ந்திருக்கின்றன என்பதும் தெரியும். குரூஸைப் போட்டபடி பெட்ரோலில் அங்கே இறங்கினால் வேகத்தைப் பிடிக்க அது பேடையே திரும்பத் திரும்பத் தேய்க்கும். மலைப்பாதையில் நெடுநேரம் ஓடினால் குரூஸ் தானே விலகிக்கொள்ளலாம் என்று ஹோண்டாவின் கையேடே எச்சரிக்கிறது. பெட்ரோலில் குரூஸை அணைத்துவிட்டு சி.வி.டி.யைத் தாழ்ந்த நிலைக்கு இறக்கி எஞ்சினை இழுக்கவிடுவதே சரி. ஹைபிரிட்டில் மோட்டார் பெரும்பகுதியைத் தாங்கும், பேட் குளிர்ந்திருக்கும். ஆனால் பேட்டரி சின்னது, பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும். அப்போது ஜெனரேட்டரைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுற்றவைத்து அந்த மின்சாரத்தைச் செலவழிக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே எஞ்சின் உறுமுவதைக் கேட்டு "கியர்பாக்ஸ் போச்சு" என்று பயப்பட வேண்டாம்.

யார் சொல்வது மேலே நிற்கும் என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கி ஏ.பி.எஸ்.ஸோ வி.எஸ்.ஏ.வோ வேலைக்கு வந்தால் குரூஸ் உடனே ஒதுங்கும். டயருக்குப் பிடி இருக்கிறதா என்பதைக் கேமரா அறியாது, சக்கர வேக சென்சார் அறியும். அறிந்தவன் பேச்சுக்கே மதிப்பு. டாஷில் ஏ.பி.எஸ். அல்லது வி.எஸ்.ஏ. விளக்கு எரிந்தால் குரூஸும் கிடைக்காது. "அடாஸ் கெட்டுப்போச்சு, கேமரா மாத்தணும்" என்று பெரிய தொகை சொல்லும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பல நேரம் குற்றவாளி ஒரு சக்கரத்தின் வேக சென்சார் வயரோ, ஹப் பேரிங் மாற்றியபோது தலைகீழாகப் போட்ட காந்த வளையமோ. ஸ்கேன் கருவியில் கேமராவின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் முன் பிரேக் பெட்டியின் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் உதவி சுமார் 70 கி.மீ.க்கு மேல்தான் எழும்புகிறது. அது கொடுக்கும் முறுக்கை ஒரு கையின் பலத்தால் எளிதாக மீறலாம்; மீறும்படிதான் அளந்து வைத்திருக்கிறார்கள். கை இருக்கிறதா என்பதையும் அதே ஸ்டீயரிங் கம்பியின் முறுக்கைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது, தொடுவதை அல்ல. நேரான சாலையில் கையை லேசாக வைத்திருந்தாலும் "கையை வை" என்று திட்டுவது இதனால். வண்டி ஒருபக்கம் இழுத்தால் இந்த உதவி அந்த இழுப்போடு மல்லுக்கட்டும். கோட்டுக்குள் பாம்பு போல நெளியும். அப்போது குறை கேமராவில் இல்லை, அலைன்மென்ட்டில்.

இப்போது சிட்டிக்காரர்கள் அதிகம் செய்யும் இரண்டு காரியங்கள். ஒன்று டயரைப் பெரிதாக்குவது. கம்பெனி டயர் 185/55 ஆர்16. விட்டம் சுமார் 610 மி.மீ. 195/55 போட்டால் 621, அதாவது 1.8 சதவீதம் பெரிது. 205/55 போட்டால் 632, 3.6 சதவீதம். வேகத்தைக் கணக்கிடுவது சக்கரச் சுற்றை வைத்து. 205/55-இல் கணினி 100 என்று நினைக்கும்போது வண்டி உண்மையில் 103.6 ஓடுகிறது. நான்கும் ஒரே அளவானால் ஏ.பி.எஸ். குழம்பாது, குரூஸின் இடைவெளிக் கணக்குதான் கொஞ்சம் பிசகும். முன்னால் புதுசு பெரிசு, பின்னால் பழசு சின்னது என்று கலந்தால் அது சறுக்கலாகவே படும். அகலம் வேண்டுமானால் 205/50 ஆர்16 பாருங்கள். விட்டம் 611, கம்பெனி அளவோடு ஒட்டிவரும். ரிம் அகலமும் உள்கவசத்தில் உரசலும் தனியாகப் பார்க்க வேண்டியவை.

இரண்டாவது, வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று சுருள்வில்லுக்குள் ரப்பர் செருகுவது, ஸ்பேசர் வைப்பது. பெரும்பாலும் பின்பக்கம் மட்டும். 15 மி.மீ. பின்னால் உயர்ந்தால் என்ன ஆகிவிடும்? சிட்டியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, 2,600 மி.மீ. கேமரா 0.33 டிகிரி கீழே குனியும். கேமரா தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அடிவானத்துக்கு 1.49 டிகிரி கீழே தெரிய வேண்டும். கேமரா குனிந்ததால் அது 1.16 டிகிரியாகத் தெரியும். வெறும் கோணத்தை நம்பினால் 64 மீட்டர் என்று கணக்கு வரும். 14 மீட்டர் இல்லாத இடம் கிடைத்துவிட்டது. பின்சீட்டில் மூவரும் டிக்கி நிறைய மூட்டையுமாக வண்டி பின்னால் அமுங்கினால் இதற்கு நேர்மாறு: 41 மீட்டர் என்று நினைத்துச் சீக்கிரமே பிரேக் போடும். மென்பொருள் கோணத்தை மட்டும் நம்புவதில்லை. முன்வண்டியின் அகலம் எப்படி மாறுகிறது, சாலைக் கோடுகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் திருத்தத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ரேடார் இருந்தால் தூரத்தை நேராக அளந்திருக்கும். கேமரா மட்டும் இருக்கும் வண்டியில் சஸ்பென்ஷன் உயரமும் அளவுகோலின் ஒரு பகுதி. ஸ்பேசர் வைத்தே தீர வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஒரே அளவு உயரும்படி வைத்து, பிறகு கேமராவை மறுபடி சீரமையுங்கள்.

சீரமைப்பு என்றால் ஸ்கேனரில் "ரீசெட்" அழுத்துவது அல்ல. வரிசை இருக்கிறது. முதலில் டயர் காற்று, டிக்கி காலி. அடுத்து வீல் அலைன்மென்ட். சிட்டியின் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற ஒரே உத்தரம், அங்கே கோணத்தைத் திருத்தத் திருக நட்டு இல்லை. பள்ளத்தில் விழுந்து பீம் வளைந்திருந்தால் வண்டி கோணலாகவே ஓடும், அந்தக் கோணலுக்கு கேமராவைப் பழக்குவது வீண். அடுத்து ஸ்டீயரிங்கின் முறுக்கை அளக்கும் டார்க் சென்சாரின் நடுநிலை, வி.எஸ்.ஏ. சென்சாரின் நடுநிலை இரண்டையும் ஹோண்டாவின் எச்.டி.எஸ். என்ற ஸ்கேன் கருவியில் பதிய வேண்டும். கடைசியில்தான் சமதளத்தில், வண்டியின் மையக்கோட்டுக்கு நேரே, அளந்த தூரத்தில் இலக்குப் பலகையை நிறுத்திக் கேமராவை நேராக்குவது. முன்கண்ணாடி மாற்றினால் இதைச் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் மதிப்பீட்டில் கண்ணாடியின் விலை மட்டும் இருக்கும். "கேமரா ஏமிங்" என்று தனி வரி போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவில் விற்பனையாளர் கோட்டுக்குள் ஓட்டிக் காட்டுவார். அது எல்லா வண்டியிலும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தெரிந்தவர் ஒருவரை இன்னொரு காரில் முன்னால் போகச் சொல்லுங்கள். காலியான நான்குவழிச் சாலை, குரூஸ் 60, முன்வண்டியோடு விடும் தூரத்துக்கு இருக்கும் நான்கு இடைவெளிகளில் மிக நீளமானது. அவர் மெல்லக் குறைத்து 20 வரை வரட்டும். பெட்ரோலில் எந்த இடத்தில் விடுகிறது, விட்டபின் எவ்வளவு தூரம் ஊர்கிறது. ஹைபிரிட்டில் எங்கே நிற்கிறது, நின்றபின் எப்படிக் கிளம்புகிறது. பத்து நிமிட வேலை.

நகர நெரிசலும் நெடுஞ்சாலையும் பாதிப்பாதி என்பவருக்கு ஹைபிரிட்டின் பிரேக்குக்காகவே கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். டிக்கி 506 லிட்டரிலிருந்து 306-ஆகச் சுருங்குவதை மட்டும் பெட்டிகளோடு போய் நேரில் பார்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருபவருக்குப் பெட்ரோல் சி.வி.டி. போதும், அந்த 30 கி.மீ. பீப் பழகிவிடும். இரவுப் பயணமே அதிகம் என்றால் இரண்டிலும் ஒரே எச்சரிக்கை: பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லரும், மழையில் சாம்பலாகத் தெரியும் இருசக்கர வண்டியும் உங்கள் கண்ணுக்கு எப்போது தெரியுமோ அதற்கு முன்னால் இந்தக் கேமராவுக்கும் தெரியாது. பிரேக் எவ்வளவு நல்லதானாலும் கேட்பவன் கேட்ட பிறகுதான் கொடுக்கும்.